பள்ளியை விட்டு விலகிய காரணம்

பத்தாம் தேதி, ஞாயிறு

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

நானும் பள்ளிக்கூடமும் இன்னும் விழாமல் நிற்கிறோம். நீயும் நம் வாயாடிப் பெண்ணும் அங்கே சௌக்கியமாக இருப்பதாக நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, எதுவானாலும் எழுதுங்கள் என்று சொன்னாய். அதனால் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுத்தில் சண்டை போட எனக்கு வராது. இருபத்தாறு வருஷம் சுற்றறிக்கைகளுக்குப் பதில் எழுதி எழுதி என் கை தானாகவே பணிந்துவிடுகிறது.

முதலில் மழைச் செய்தி. இரண்டாம் வகுப்பின் தகரக் கூரை இந்தத் தடவையும் ஒழுகுகிறது. போன வருஷம் ஒரு வாளி வைத்தோம், இந்த வருஷம் மூன்று. சத்தத்தை வைத்தே எந்த வாளி நிரம்பப் போகிறது என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். சின்ன டீச்சர் அதையே கணக்காகக் கேட்டிருக்கிறாள். ஒரு வாளி நிரம்ப இருபது நிமிஷம் என்றால் மூன்று வாளியும் நிரம்ப எவ்வளவு நேரம்? பாதிப் பேர் அறுபது என்றார்களாம். நான்காம் வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்த நானும் ஒரு கணம் அறுபது என்றுதான் நினைத்தேன். இதை வெளியே சொல்லாதே.

ஆயா தினமும் மணி அடித்துவிட்டு வந்து, நர்ஸம்மா எப்ப சார் வருது என்று கேட்கிறாள். நீ போனதிலிருந்து அவள் ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போ என்றால், நம்ம வீட்டு நர்ஸ் வந்து பாக்கட்டும் என்கிறாள். மாத்திரையையும் பாதி நாள் விட்டுவிடுகிறாள் என்று சந்தேகம்.

இனி முக்கியமான விஷயம். அடுத்த மாதம் முதல் தேதி கணக்கெடுப்பு நாள். அன்றைக்குப் பதிவேட்டில் எத்தனை பெயரோ அத்தனை தலைக்குத்தான் அடுத்த வருஷம் அரசு மானியம் என்பது உனக்குத் தெரிந்த கதை. இந்த வருஷம் அதற்கு ஒரு வால் முளைத்திருக்கிறது. அறுபதுக்குக் கீழே போனால் மானியமே கிடையாது. பள்ளியை மூடி, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். அந்த ரோட்டில் லாரிகள் எப்படிப் போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அடிபட்டவர்களுக்கு நீதானே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என் இடுப்பு உயரம்கூட இல்லை.

நம்மிடம் சரியாக அறுபது இருக்கிறது. அந்த அறுபதில் வாயாடியும் ஒருத்தி.

நீ சிரிப்பது தெரிகிறது. பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து அவள் ஒரு நாளும் வரவில்லைதான். ஆனால் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகவில்லையே. டி.சி. வாங்காமல் போன பிள்ளை ஊருக்குப் போயிருக்கிறது, டி.சி. வாங்கிக்கொண்டு போனால்தான் அது போன பிள்ளை. என் சர்வீஸ் முழுக்க இந்தக் கணக்கு பொய்த்ததில்லை. ஆகவே அவள் பெயரில் சிவப்புக் கோடு போடாமல், தினமும் 'வி' என்று விடுப்புப் போட்டு வருகிறேன். விதிப்படி விடுப்புக்கு விண்ணப்பம் வேண்டும் அல்லவா? மாதம் ஒன்று எழுதிக்கொள்கிறேன். 'தாயாருடன் வெளியூர் சென்றிருப்பதால்' என்று தகப்பன் தலைமையாசிரியருக்கு எழுதுகிறான், தலைமையாசிரியர் பச்சை மையில் அனுமதிக்கிறார். இரண்டு பேருக்கும் இதுவரை எந்த மனஸ்தாபமும் இல்லை.

செங்கல் சூளைக்கு ஒரு குடும்பம் புதிதாக வந்திருக்கிறது, படிக்கிற வயதில் இரண்டு பிள்ளைகள், போய்க் கேட்டுவிட்டு வரலாமா என்று சின்ன டீச்சர் கேட்டாள். ரோடெல்லாம் சேறு. அறுபதுதான் இருக்கிறதே, மழை விடட்டும் பார்க்கலாம் என்றேன்.

ஆறு மாதப் பயிற்சி என்று போனாய். இந்த மாதத்தோடு ஆறு முடிகிறது. ஆபரேஷன் தியேட்டரில் கத்தி எடுத்துக் கொடுக்க ஆறு மாதத்துக்கு மேலா படிக்க வேண்டும்? முதல் தேதிக்குள் இரண்டு பேரும் வந்துவிட்டால் நல்லது. பள்ளிக்கூடத்துக்காகச் சொல்கிறேன்.

இரண்டாம் வகுப்பில், ஜன்னலோரம் அவள் இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லை என்று வாயாடியிடம் சொல். மழைத்தண்ணீர் படாத இடம் அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் எச்.எம்.


இருபத்தொன்றாம் தேதி, செவ்வாய்

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

பயிற்சியை நீட்டித்திருக்கிறார்கள், விவரம் பிறகு என்று நீ எழுதிய நான்கு வரி வந்து சேர்ந்தது. விவரத்துக்காகக் காத்திருந்தேன். அது உன்னிடமிருந்து வரவில்லை. வேறு வழியாக வந்தது.

போன மாதம் முதல் தேதியன்று படிவத்தில் அறுபது என்று எழுதி, முத்திரை வைத்து அனுப்பினேன். போன வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். புதிதாக வந்திருக்கும் பெண். என்னிடம் படித்திருக்கக்கூடிய வயது, ஆனால் படிக்கவில்லை. படித்திருந்தால் அப்படி நிமிர்ந்து உட்கார மாட்டார். வாளிகளைத் தாண்டித் தாண்டி வகுப்பெல்லாம் பார்த்தார். பிறகு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, சார், உங்க பொண்ணு பேரு ரெண்டு இடத்துல வருது என்றார்.

நான் சிரித்தேன். அதே பெயரில் வேறு ஏதாவது பிள்ளையாக இருக்கும் என்றேன். அவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். பிறந்த தேதி சரி. தாய், செவிலியர், சரி. சேர்ந்த நாளைப் பார்த்தேன். அவள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இரண்டரை மாதம் ஆகிறதாம். படமும் இருந்தது. நீல நிறச் சீருடை. முடியை வெட்டியிருக்கிறாய். விழுந்த முன்பல் முளைத்துவிட்டது.

பல் முளைத்தது எனக்குத் தெரியாது. ஆய்வாளருக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு அம்மா பாடம் சொல்லிக் கொடுக்கிறார் என்றல்லவா என்னிடம் சொன்னாய்? நானும் நம்பி, இரண்டாம் வகுப்புப் புத்தகங்களைப் பார்சல் கட்டி அனுப்பினேன். எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். அந்த அறையில் கோபப்பட இடமில்லாததால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் அவர் விடுப்புக் கோப்பைப் பிரித்துவிட்டார். ஆறு விண்ணப்பம், ஆறும் என் கையெழுத்து, மூலையில் பச்சை மையில் மறுபடி என் கையெழுத்து. ஒன்றை வாய்விட்டுப் படித்தார். 'தாயாருடன் வெளியூர் சென்றிருப்பதால் என் மகளுக்கு இம்மாதம் முழுவதும் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' படித்துவிட்டு, நீங்களே எழுதி நீங்களே ஓகே பண்ணிட்டீங்களா சார் என்றார். வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா விளக்குமாற்றை நிறுத்திவிட்டாள்.

அவர் கெட்டவர் இல்லை. வேலியே பயிரை மேயலாமா என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார். ஒரு பேரு பொய்னா அறுபதும் பொய்னுதான் மேல எடுத்துக்குவாங்க சார், மானியத்த நிறுத்திருவாங்க என்று விளக்கினார். எனக்கு மெமோ வரும், மூன்று வரியில் விளக்கம் எழுதித் தர வேண்டும். அது வந்தும்விட்டது. எதிரே மேஜையில்தான் இருக்கிறது.

அதற்குள் ஊரில் கதை கட்டிவிட்டார்கள். போலிப் பெயர் எழுதி மானியம் தின்ற எச்.எம். என்று டீக்கடையில் பேச்சு. தலைக்கு இவ்வளவு என்று வரும் அந்தப் பணத்தில் போன வருஷம் கழிவறைக் கதவு இரண்டு போட்டோம், அதிலேயே தீர்ந்துவிட்டது. தின்பதற்கு அதில் கீல்தான் மிச்சம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் இப்போதெல்லாம் சுற்று வழியாகப் பள்ளிக்குப் போகிறேன்.

ஆய்வாளர் போகும்போது ஒரு வழி சொன்னார். பதினைந்து நாளுக்குள் பிள்ளை அந்தப் பள்ளியை விட்டு முறைப்படி இங்கே திரும்பிவிட்டால், எழுத்துப் பிழை என்று திருத்தி அறுபதை அப்படியே காப்பாற்றலாமாம். அவராக இரக்கப்பட்டுச் சொன்னது. இன்று நான்காவது நாள்.

ஆகவே கேட்கிறேன். வந்துவிடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. ஐம்பத்தொன்பது பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். அறுபதாவது ஆள் இல்லையென்றால் அவர்கள் அந்த ரோட்டைத் தாண்ட வேண்டும். சின்ன டீச்சருக்கு வேலை மாறும், ஆயாவுக்கு வேலை போகும். கூரைக்குத் தகரம் வராது. இத்தனையும் உன் கையில் இருக்கிறது என்று சொல்லி உன்னைப் பயமுறுத்த நினைக்கவில்லை, ஆனால் உண்மை அதுதான்.

பயிற்சியைப் பாதியில் விட வேண்டாம். நீ மெதுவாக வந்தாலும் சரி, வாயாடியையாவது அனுப்பு. நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். அவளுக்கு என் முத்தம். புதுப் பல்லுக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
உன் எச்.எம்.


பதினான்காம் தேதி, ஞாயிறு

என் அன்புள்ள உனக்கு,

உன் இரண்டு பக்கக் கடிதம் ஆய்வாளர் கொடுத்த கெடுவின் பதினைந்தாவது நாள் வந்தது. நீ வேண்டுமென்று தாமதித்தாய் என்று நினைக்கவில்லை. இரவுப் பணி முடித்து, தூங்காமல் எழுதியிருக்கிறாய் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மூன்று விஷயம் எழுதியிருந்தாய். உன் வேலை அங்கேயே நிரந்தரமாகிவிட்டது. அடுத்த வகுப்புக்கு டி.சி. இல்லாமல் முடியாது என்று அந்தப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள், அனுப்பவும். மூன்றாவதைப் படித்துவிட்டு நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கூரை ஒழுகுகிறது என்று எழுதுகிறீர்கள், ஆயா கேட்டாள் என்று எழுதுகிறீர்கள், மானியம் நின்றுவிடும் என்று எழுதுகிறீர்கள், நீ வேண்டும் என்று ஒரு வரி எங்கே என்று கேட்டிருந்தாய். அறுபதாவது ஆளாக வந்து உட்கார நான் உங்களுக்குப் பிள்ளை பெற்றுத் தரவில்லை என்றும் எழுதியிருந்தாய்.

இதைக் கடிதத்தில் எழுதினாய். நேரில் சொல்லியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். எழுத்தாக இருந்ததால் நான்கைந்து தடவை படிக்க முடிந்தது. ஒவ்வொரு தடவையும் நீ சொன்னது சரியாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடச் செய்தியை முடித்துவிடுகிறேன். இணைப்பு ஆணை வந்துவிட்டது. அடுத்த பருவத்திலிருந்து நம் பிள்ளைகள் அந்தப் பக்கப் பள்ளிக்குப் போக வேண்டும். நேற்று நானும் சின்ன டீச்சரும் அவர்களை வரிசையாக அழைத்துப் போய் ரோட்டைக் கடந்து காட்டினோம். அந்தப் பக்கம் போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண், லாரிச் சத்தத்துக்குப் பயந்து என் சட்டையைப் பிடித்தவள், திரும்பி வந்த பிறகும் விடவில்லை.

ஆயாவை நிறுத்தியாயிற்று. மணியை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளவா என்று கேட்டாள். அது பொருள் பதிவேட்டில் இருக்கிறது, தர முடியாது. விளக்குமாறு மட்டும்தான் பதிவேட்டில் இல்லை, எடுத்துக்கொள் என்றேன். இத வெச்சு இனிமே எத சார் பெருக்குறது என்று கேட்டுவிட்டு, சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். ரத்த அழுத்தம் பார்க்க நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அதிகம்தான்.

உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நீ வராததால் பள்ளி மூடவில்லை. அந்தச் செங்கல் சூளைக் குடும்பம் நினைவிருக்கிறதா? ஐம்பத்தொன்பதுதான் இருக்கிறது என்று நான் ஒத்துக்கொண்டிருந்தால், சேறென்ன சகதியென்ன, அன்றைக்கே போய் அந்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்து சேர்த்திருப்பேன். அறுபத்தொன்று ஆகியிருக்கும். அறுபது இருக்கிறதே என்று பேசாமல் இருந்தேன். மழை விட்டதும் போய்ப் பார்த்தால் சூளை காலி, அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வராத ஒரு பிள்ளையின் பெயரைப் பிடித்துக்கொண்டு, வந்திருக்கக்கூடிய இரண்டு பிள்ளைகளை விட்டவன் நான். போன கடிதத்தில் இத்தனையும் உன் கையில் இருக்கிறது என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடு.

மெமோவுக்குக் 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி தேவைப்படவில்லை. பதிவேட்டில் என் கவனம் முழுக்க அந்த ஒரு பெயரில்தான் இருந்தது என்று அரசாங்கத்துக்கு எப்படி எழுதுவது? தினமும் காலையில் அந்த 'வி' போடும்போதுதான் அன்றைக்கு உங்கள் இரண்டு பேரோடும் பேசியது மாதிரி இருக்கும். ஒரு வருஷ ஊதிய உயர்வை நிறுத்தியிருக்கிறார்கள். ஆய்வாளர் நல்ல வார்த்தை எழுதியிருக்காவிட்டால் இதோடு போயிருக்காது.

நீ ஊருக்குப் புறப்பட்டபோது, நீங்களும் வாங்க, அங்க மாறுதல் கேளுங்க என்று மூன்று நாள் சொன்னாய். பள்ளிக்கூடத்தை யார் பார்ப்பது என்று மூன்று நாளும் நான் கேட்டேன். குண்டுச்சட்டிக்குள்ளயே குதிரை ஓட்டுங்க என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாய். இப்போது சட்டியும் இல்லை. ஆணையில் என் பெயருக்கு எதிரே 'உபரி ஆசிரியர்' என்று போட்டிருக்கிறார்கள். உபரி என்றால் தேவைக்கு மேல் மிஞ்சியது. அலுவலகத்தில் மட்டும்தான் அப்படியா என்று உன்னைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று மாலை எல்லாரும் போன பிறகு டி.சி. புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். முதலில் பதிவேட்டில் அவள் பெயரில் சிவப்புக் கோடு போட்டேன். ஸ்கேல் வைத்துப் போட்டும் கோணிவிட்டது. பிறகு சான்றிதழ். பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் பார்க்காமலே எழுதினேன். வலது முழங்காலில் தழும்பு. சைக்கிளிலிருந்து விழுந்தபோது நீ தையல் போட்டாய், நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அவள் அழவில்லை, நான்தான் வெளியே போய்விட்டேன். நடத்தை: மிக நன்று. எல்லாருக்கும் நன்று என்றுதான் எழுதுவேன். மிக என்று இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

பதினோராவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. 'பள்ளியை விட்டு விலகிய காரணம்.' இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு யோசிக்காமல் 'பெற்றோர் இடமாற்றம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதில் எழுத முடியவில்லை. பெற்றோரில் ஒரு ஆள் இடம் மாறவில்லையே, இதே நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறேன். வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு, கீழே கையெழுத்தும் முத்திரையும் வைத்து இதோடு அனுப்புகிறேன். காலிக் கட்டத்துக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவது இதுதான் முதல் தடவை. நீ என்ன எழுதினாலும் அது நான் எழுதியதாகவே இருக்கும்.

இன்னொரு படிவமும் மேஜையில் இருக்கிறது. உபரி ஆசிரியர்கள் விரும்பும் மூன்று இடங்களை வரிசையாக எழுதித் தர வேண்டும். இரண்டாவது இடமும் மூன்றாவது இடமும் எழுதிவிட்டேன். இரண்டும் பக்கத்து ஊர்கள்தான், எது கிடைத்தாலும் போய் வேலை பார்ப்பேன். முதல் இடத்தை இன்னும் எழுதவில்லை. நீ இருக்கும் அந்த ஊரில் காலி இடம் இருக்குமா, கேட்டால் கொடுப்பார்களா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அது அலுவலகத்தின் பாடு. எழுதலாமா என்பதை மட்டும் நீதான் சொல்ல வேண்டும். முப்பதாம் தேதி கடைசி நாள். அதற்குள் உன்னிடமிருந்து ஒரு வரி வந்தால் போதும், வராவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

எனக்கு நீ வேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்துக்காகவும் இல்லை.

வாயாடி நன்றாகப் படிக்கட்டும், அந்தப் புதுப் பள்ளியில் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். ரோட்டைக் கடக்கும்போது அவள் கையை விடாதே.

உன்
(எச்.எம். என்று எழுதப் போனேன், அடித்துவிட்டேன்)